தண்ணீர் பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்து, கிணற்றில் கலந்த வேதிப்பொருள் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி

கிணற்றுத் தண்ணீரையோ போர்வெல் தண்ணீரையோ பரிசோதனைக்குக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கும் பலர் அதில் இரண்டே இடங்களைத்தான் பார்க்கிறார்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) எவ்வளவு, கடைசி வரியில் ‘குடிக்க உகந்தது’ என்று போட்டிருக்கிறதா இல்லையா. நடுவில் இருக்கும் இருபது முப்பது எண்களை யாரும் தொடுவதில்லை. ஆனால் தண்ணீரில் என்ன கலந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த ஃபில்டர் உதவும், எது காசுக்குக் கேடு என்பதெல்லாம் அந்த நடு எண்களில்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், ரிப்போர்ட் படிக்க வந்துவிடும்: எந்த வேதிப்பொருளும் நிலத்தடி நீருக்குள் தனியாக வருவதில்லை. சாக்கடையிலிருந்து வரும் நைட்ரேட்டோடு குளோரைடும் வரும். படிவு மண்ணிலிருந்து ஆர்சனிக் வந்தால் இரும்பும் சேர்ந்து வரும். எந்த எண்ணோடு எந்த எண் ஏறியிருக்கிறது, எது ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனி எண்ணை மட்டும் பார்த்துப் பக்கத்துத் தோட்டக்காரர் மீது பழி போடுவது, ஊரில் இருக்கும் ஆலை மீது பழி போடுவது, இரண்டும் பல நேரம் தப்பாகத்தான் முடியும்.

முதலில் டிடிஎஸ் மீட்டரை ஓரமாக வையுங்கள்

பேனா மாதிரி இருக்கும் அந்த மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை. அதை 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் ஆர்சனிக்குக் கொடுத்திருக்கும் வரம்பு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப்போல் பத்து மடங்கு ஆர்சனிக் இருந்தாலும் அது 0.1 மில்லிகிராம்தான், 300 என்று காட்டும் மீட்டரில் அது 300.1 ஆகக்கூடத் தெரியாது. பெட்ரோலில் இருக்கும் பென்சீனும் உலோகச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் கரைப்பான்களும் மின்சாரத்தையே கடத்துவதில்லை, ஆகவே அவை எவ்வளவு இருந்தாலும் மீட்டர் அசையாது. டிடிஎஸ் குறைவு என்பதால் தண்ணீர் சுத்தம் என்று குழந்தைக்குக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது. மீட்டருக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் உண்டு. ஒரே கிணற்றில் மாதம் ஒரு முறை அளந்து எழுதி வைத்தால், எண் திடீரென்று மாறும்போது உள்ளே ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்று தெரியும்.

மாதிரி எடுப்பது

ரிப்போர்ட்டில் வரும் தப்புகளில் பெரும்பங்கு லேபுக்கு வெளியே, பாட்டில் நிரப்பும் இடத்திலேயே நடந்துவிடுகிறது.

போர்வெல் குழாய்க்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் நிலத்தடி நீரைக் காட்டாது. காற்றுப் பட்டு, இரும்புக் குழாயைத் தொட்டு, அதன் வேதியியல் மாறிப்போயிருக்கும். குழாயில் நிற்கும் தண்ணீரைப்போல் மூன்று மடங்கை வெளியேற்றிவிட்டு அப்புறம் பிடிக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 40 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சுமார் 700 லிட்டர், மூன்று மடங்கு என்றால் 2,100 லிட்டர். தினமும் ஓடும் மோட்டார் என்றால் கால் மணி, இருபது நிமிடம் ஓடவிட்டு, கையில் இருக்கும் மீட்டரில் எண்ணும் வெப்பநிலையும் ஏறி இறங்காமல் நின்ற பிறகு பிடித்தால் சரியாக இருக்கும். தொட்டிக்குப் போகும் முன், ஃபில்டருக்கு முன், குளோரின் போடும் இடத்துக்கு முன் பிடிக்க வேண்டும். ஈயம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஈயம் பெரும்பாலும் வீட்டுக் குழாயிலிருந்தும் பற்றவைத்த இணைப்புகளிலிருந்தும் வருவது, ஆகவே அதைத் தேடுகிறீர்கள் என்றால் இரவு முழுக்கக் குழாயில் தங்கிய தண்ணீரைக் காலையில் முதல் வேலையாக, ஒரு சொட்டும் விடாமல் பிடிக்க வேண்டும்.

எதைத் தேடுகிறோமோ அதற்கேற்ற பாட்டில் வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. உலோகங்களுக்கென்றால் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். கரைந்த நிலையில் இருப்பதை மட்டும் அளக்க வேண்டுமென்றால் அமிலம் சேர்க்கும் முன் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்ட வேண்டும். நைட்ரேட்டுக்கு அந்த நைட்ரிக் அமில பாட்டிலைத் தொடவே கூடாது, அந்த அமிலத்திலேயே நைட்ரேட் இருக்கிறது. தனி பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிட வேண்டும். பென்சீன், கரைப்பான்கள் மாதிரி ஆவியாகக்கூடியவற்றுக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி. வாய்வரை, மேலே குவிந்து நிற்கும்படி நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு குமிழி ஏறி வந்தாலும் அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டு வேறு குப்பி எடுங்கள், ஏனென்றால் நீங்கள் தேடும் பொருள் அந்தக் குமிழிக்குள் ஆவியாகப் போயிருக்கும்.

பிடிக்கும்போதே கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து அப்படியே விட்டுவிடுங்கள். பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் சில மணி நேரத்தில் மஞ்சளாகி, அப்புறம் செம்பழுப்பாகி, அடியில் துரு நிறத்தில் படிந்தால், அது ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலிருந்து வரும் தண்ணீர். அங்கே கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் கரையாத வடிவத்துக்கு மாறிப் படிகிறது. இந்த ஒரு வாளி சொல்லும் தகவல் கீழே ஆர்சனிக் பகுதியில் மிக முக்கியமாகத் தேவைப்படும். அழுகிய முட்டை நாற்றம், பெட்ரோல் வாசனை எது வந்தாலும் அப்போதே எழுதி வையுங்கள். பிஎச், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் முடிந்தால் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும், லேபுக்குப் போகும் வழியிலேயே அவை மாறிவிடும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்: அது நம்பத்தக்கதா?

இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் ஒரு கால்குலேட்டரும் பத்து நிமிடமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். தண்ணீருக்கு மொத்தத்தில் மின்னேற்றம் கிடையாது. ஆகவே அதில் கரைந்திருக்கும் நேர் அயனிகளின் (மின்னேற்றமுள்ள துகள்களின்) மின்னேற்றமும் எதிர் அயனிகளின் மின்னேற்றமும் சமமாக இருந்தே ஆக வேண்டும். சமமாக இல்லையென்றால் ஒரு எண் தப்பு, அல்லது ஒரு அயனியை அளக்காமல் விட்டிருக்கிறார்கள்.

மில்லிகிராமில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய சமான எடையால் வகுக்க வேண்டும். கால்சியத்துக்கு 20, மெக்னீசியத்துக்கு 12.15, சோடியத்துக்கு 23, பொட்டாசியத்துக்கு 39.1. எதிர்ப் பக்கம் பைகார்பனேட்டுக்கு 61, குளோரைடுக்கு 35.45, சல்பேட்டுக்கு 48, நைட்ரேட்டுக்கு 62. ரிப்போர்ட்டில் பைகார்பனேட் என்று இல்லாமல் ‘காரத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக’ என்று இருந்தால் அதை 1.22ஆல் பெருக்கினால் பைகார்பனேட் கிடைத்துவிடும்.

கணக்குக்காக ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். கால்சியம் 80, மெக்னீசியம் 36.5, சோடியம் 92, பொட்டாசியம் 8. வகுத்தால் 4.0, 3.0, 4.0, 0.2, கூட்டினால் 11.2. எதிர்ப் பக்கம் காரத்தன்மை 250, அதாவது பைகார்பனேட் 305, குளோரைடு 142, சல்பேட் 48, நைட்ரேட் 75. வகுத்தால் 5.0, 4.0, 1.0, 1.2, கூட்டினால் அதுவும் 11.2. ரிப்போர்ட் சரியாக இருக்கிறது. இரண்டு கூட்டுத்தொகைகளின் வித்தியாசத்தை அவற்றின் மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 10ஐத் தாண்டினால் லேபிடம் கேட்க வேண்டும், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இதே கணக்கால் இன்னொரு பெரிய குழப்பமும் தீரும். நைட்ரேட்டைச் சில லேப்கள் நைட்ரேட் அயனியாகவே கொடுக்கும், சில லேப்கள் அதில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டுக் கொடுக்கும். ஒரே தண்ணீருக்கு முதலாவது எண் இரண்டாவதைப்போல் 4.43 மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நைட்ரேட்டாக 50 மில்லிகிராம், அமெரிக்காவின் வரம்பு நைட்ரஜனாக 10 மில்லிகிராம். பார்க்க ஐந்து மடங்கு வித்தியாசம் மாதிரி தெரிந்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே உள்ள ரிப்போர்ட்டில் 75 என்பது எந்த அலகு என்று எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நைட்ரஜனாக இருந்தால் நைட்ரேட் 332 ஆகும், எதிர்ப் பக்கக் கூட்டுத்தொகை 15.4க்கு ஏறி, வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் 75 என்பது நைட்ரேட் அயனியேதான். லேபுக்குப் போன் போடாமலேயே தெரிந்துகொள்ளலாம்.

நைட்ரேட் ஏறியிருந்தால்

உலகம் முழுக்க நிலத்தடி நீரில் அதிகம் பரவியிருக்கும் மாசு இதுதான். காரணம் எளிது. மண்ணில் இருக்கும் களிமண் துகள்களுக்கு எதிர் மின்னேற்றம், நைட்ரேட்டுக்கும் எதிர் மின்னேற்றம், ஆகவே மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. யூரியாவோ சாணமோ மனிதக் கழிவோ எதுவாக இருந்தாலும் முதலில் அம்மோனியம் ஆகும், அம்மோனியத்தை மண் ஓரளவு பிடித்து வைக்கும், நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிய மறுகணம் அடுத்த மழையோடு அது கீழே போய்விடும். பயிருக்குத் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் உரம் போட வேண்டும் என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான், செலவு மிச்சம் என்பது அப்புறம்.

1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்றுத் தண்ணீரில் கலந்த பால் குடித்த பச்சிளங்குழந்தைகள் நீலம் பாரித்ததற்கு நைட்ரேட்டே காரணம் என்று எழுதினார். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழப்பதால் வரும் நிலை அது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் நைட்ரேட் அயனியாக 50க்கு மேல் எண் வந்தால் அன்றைக்கே வேறு தண்ணீருக்கு மாறுங்கள். கொதிக்க வைத்துக் கொடுக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் ஆவியாகாது, ஆகவே கொதிக்கக் கொதிக்கச் செறிவு கூடத்தான் செய்யும்.

சரி, எங்கிருந்து வந்தது? குளோரைடைப் பாருங்கள். நைட்ரேட் ஏறியிருக்கிறது, குளோரைடு சுற்றுவட்டாரக் கிணறுகளைப்போலச் சாதாரணமாக இருக்கிறது என்றால் சந்தேகம் உரத்தின் பக்கம் சாயும். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் கழிவுத்தொட்டி, சாக்கடை, கால்நடைக் கொட்டில் பக்கம் சாயும், ஏனென்றால் நாம் சாப்பிடும் உப்பெல்லாம் கழிவோடுதான் போகிறது. சலவைத்தூளிலிருந்து வரும் போரானும் கூடியிருந்தால், ஈ.கோலை பாக்டீரியாவும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஒரு எச்சரிக்கை: பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதைப் போடும் நிலத்திலும் குளோரைடு கூடும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அசிசல்ஃபேம் என்ற செயற்கை இனிப்பை அளக்கச் சொல்லலாம். மனித உடலில் ஜீரணமாகாமல் அப்படியே வெளியேறும் பொருள் அது, எந்த உரத்திலும் கிடையாது, தண்ணீரில் அது இருந்தால் மனிதக் கழிவு வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இரும்பு, மாங்கனீசு, ஆர்சனிக்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், எல்லாவற்றையும் விட இதுதான் அதிகம் பலன் தரும்.

நிலத்துக்கடியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் சுவாசிக்க ஏதாவது வேண்டும். ஆக்சிஜன் இருக்கும்வரை அதை எடுத்துக்கொள்ளும். அது தீர்ந்ததும் நைட்ரேட், அப்புறம் மாங்கனீசு ஆக்சைடு, அதன் பின் இரும்பு ஆக்சைடு, பிறகு சல்பேட் என்று இந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பயன்படுத்தும், கடைசியில் மீத்தேன் உருவாகும். இந்த வரிசை தெரிந்தால் உங்கள் தண்ணீர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ரிப்போர்ட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். நைட்ரேட் இருக்கிறது, கரைந்த இரும்பு இல்லை என்றால் ஆக்சிஜன் புழங்கும் தண்ணீர். நைட்ரேட் அறவே இல்லை, இரும்பும் மாங்கனீசும் கூடியிருக்கிறது என்றால் ஆக்சிஜன் தீர்ந்துபோன தண்ணீர். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்பேட் கட்டத்துக்கே போய்விட்டது. ஒரே மாதிரியில் நைட்ரேட்டும் கரைந்த இரும்பும் சேர்ந்து அதிகமாக இருந்தால் அந்தப் போர்வெல் இரண்டு வேறு அடுக்குகளிலிருந்து இழுக்கிறது, மேல் அடுக்குத் தண்ணீர் கேசிங் குழாயின் (போர்வெல் துளைக்குள் இறக்கும் வெளிக்குழாயின்) ஓரமாகக் கீழே இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இந்த வரிசையில் இரும்பு ஆக்சைடு கரையும் கட்டத்தில்தான் ஆர்சனிக் வெளியே வருகிறது. ஆற்றுப் படிவு மண்ணில் இரும்பு ஆக்சைடு பூச்சின் மேல் ஆர்சனிக் காலங்காலமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தப் பூச்சு கரைந்தால் ஆர்சனிக் தண்ணீருக்கு வந்துவிடும். எந்த ஆலையும் வேண்டாம். 1970களில் பங்களாதேஷில், குளத்துத் தண்ணீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன, கிருமி இல்லாத தெளிவான தண்ணீரும் வந்தது. அதில் ஆர்சனிக் இருக்கிறது என்று 1993இல்தான் அங்கே உறுதியானது. அதற்குள் ஒரு தலைமுறையே அதைக் குடித்து முடித்திருந்தது. பிறகு கிணறுகளைச் சோதித்து, ஆர்சனிக் கூடுதலாக உள்ள குழாய்களுக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசினார்கள். ஆர்சனிக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறமோ வாசனையோ சுவையோ எதுவும் கிடையாது.

ஆகவே வாளியில் துருநிறம் படிகிறது, ரிப்போர்ட்டில் நைட்ரேட் இல்லை, இரும்பு கூடியிருக்கிறது, நீங்கள் இருப்பதும் ஆற்றுப் படிவு நிலம் என்றால் ஆர்சனிக்கைக் கட்டாயம் தனியாக அளக்கச் சொல்லுங்கள். இரும்பு கூடினால் ஆர்சனிக் இருந்தே தீரும் என்பதில்லை, ஆனால் அளக்காமல் விடக்கூடாது. மாங்கனீசையும் கவனியுங்கள், 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்று தற்காலிக வரம்பு வைத்திருக்கிறது.

படிவு நிலமே இல்லாத இடத்தில் ஒரு கிணற்றில் மட்டும் திடீரென்று இரும்பும் மாங்கனீசும் ஏறி, கூடவே அம்மோனியமும் குளோரைடும் கூடினால், மேல்பக்கத்தில், அதாவது நிலத்தடி நீர் ஓடி வரும் பக்கத்தில், குப்பைமேடு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். குப்பையிலிருந்து கசியும் நீரில் இருக்கும் கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் வழியெல்லாம் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

ஃப்ளோரைடும் உப்பும்

ஃப்ளோரைடு பெரும்பாலும் பாறையிலிருந்து வருகிறது, கிரானைட் மாதிரிப் பாறைகளிலிருந்து. அதைக் கால்சியம் கட்டுப்படுத்தும்: கால்சியம் நிறைய இருந்தால் இரண்டும் சேர்ந்து கால்சியம் ஃப்ளோரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடி, பிஎச் 8ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும் தண்ணீரில்தான் ஃப்ளோரைடு ஏறும். சோப்பு நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் உப்புக்கறை படியாது, எல்லோரும் நல்ல தண்ணீர் என்று அந்தக் கிணற்றையே தேடிப் போவார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன், மென்மையான தண்ணீர் வரும் பாறை நிலக் கிணற்றில் ஃப்ளோரைடு அளக்காமல் குடிக்க வேண்டாம். வரம்பு 1.5 மில்லிகிராம். தாண்டினால் முதலில் வளரும் குழந்தைகளின் பல்லில் கறை, இன்னும் கூடுதலாகப் பல வருஷம் குடித்தால் எலும்பு.

உப்புக்கு வருவோம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. நூறு பங்கில் ஒரு பங்கு கடல் நீர் கலந்தாலே 190 மில்லிகிராம் கூடிவிடும். கடலோரக் கிணற்றில் குளோரைடு ஏறினால் கடல்தான் என்று உடனே முடிவு கட்டாமல் புரோமைடையும் அளந்து குளோரைடை அதனால் வகுத்துப் பாருங்கள். கடல் நீரில் எடைக் கணக்கில் அது 290 அளவில் இருக்கும். அதைவிட நன்றாகக் கூடியிருந்தால் சாக்கடையோ உப்புப் பாறையோ வேறு உப்போ கலந்திருக்கிறது.

பெட்ரோலும் கரைப்பான்களும்

சாதாரண ரிப்போர்ட்டில் இவை வராது, தனியாகக் கேட்க வேண்டும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, கசிந்தால் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், அதிலிருந்து பென்சீன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பெட்ரோலில் சேர்க்கப்பட்ட எம்டிபிஇ என்ற பொருள் பென்சீனைவிடப் பல மடங்கு கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்கள் அதை எளிதில் சிதைப்பதுமில்லை, ஆகவே கசிவிலிருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும். 1996இல் கலிஃபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் நகரத்தின் குடிநீர்க் கிணறுகளையே இதற்காக மூட வேண்டியதாயிற்று.

ட்ரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் மாதிரி கரைப்பான்கள் இதற்கு நேர்மாறு. தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் நீர்மட்டத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போய், களிமண் அடுக்கின் மேல் தேங்கி, பல பத்தாண்டுகள் கரைந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் வோபர்னில் 1979இல் இரண்டு குடிநீர்க் கிணறுகள் இவற்றால்தான் மூடப்பட்டன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இவற்றிலிருந்து குளோரின் ஒவ்வொன்றாகக் கழன்று, நடுவில் வினைல் குளோரைடு உருவாகும், அது மூலப்பொருளைவிடக் கொடியது, புற்றுநோய் தருவது. சுற்றுவட்டாரத்தில் வினைல் குளோரைடு யாருமே பயன்படுத்தாதபோது தண்ணீரில் அது வந்தால் பழைய உலர்சலவை நிலையமோ உலோகப் பட்டறையோ இருந்த இடத்தைத் தேடுங்கள், இப்போது அங்கே வேறு கட்டடம் நிற்கலாம்.

குரோமியம் இருந்தால் மொத்த எண் போதாது, எந்த வடிவம் என்று கேளுங்கள். மூன்று இணைதிறன் குரோமியம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரோடு ஓடும், நஞ்சும் அதுதான். கலிஃபோர்னியாவின் ஹிங்க்லியில் 1952 முதல் 1966 வரை ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த குளிரூட்டும் கோபுரத் தண்ணீரை அடித்தளம் போடாத குட்டைகளில் விட்டதன் விளைவு இன்றும் நிலத்தடியில் இருக்கிறது.

பூச்சிக்கொல்லிகளில் எல்லாம் கீழே போவதில்லை. டிடிடி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், மேல் மண்ணிலேயே தங்கும். ஆல்டிகார்ப் நன்றாகக் கரையும், 1979இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களுக்கு அடியில் கிணற்று நீரில் கண்டுபிடித்தார்கள். அட்ரசின் என்ற களைக்கொல்லியை ஜெர்மனி 1991இல் தடை செய்தது, அதன் சிதைவுப் பொருள் அங்கே நிலத்தடி நீரில் இன்னும் அகப்படுகிறது. உங்கள் நிலத்தில் என்ன தெளித்தீர்கள் என்ற பெயரை லேபில் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள், பொதுவாகப் பூச்சிக்கொல்லி டெஸ்ட் என்று கேட்டால் அவர்கள் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது

பொருள் தெரிந்துவிட்டது, சந்தேகத்துக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. எது என்று முடிவு செய்ய, நிலத்தடி நீர் ஓடும் திசை வேண்டும். ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகள் போதும். மோட்டார்களை ஒரு ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே என்று அளந்து, ஒவ்வொரு கிணற்றின் தரை உயரத்திலிருந்து அதைக் கழியுங்கள். தரை உயரத்தை நில அளவையாளரை வைத்து எடுப்பது நல்லது, போன் காட்டும் உயரம் இதற்குப் போதாது. நீர்மட்டம் முதல் கிணற்றில் 98.0, இரண்டாவதில் 97.4, மூன்றாவதில் 97.0 என்று வந்தால், வரைபடத்தில் முதலையும் மூன்றையும் இணைத்துக் கோடு போட்டு, முதல் கிணற்றிலிருந்து 60 சதவீதத் தூரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கே மட்டம் 97.4. அந்தப் புள்ளியையும் இரண்டாவது கிணற்றையும் இணைத்தால் அது ஒரே மட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம் நோக்கித் தண்ணீர் ஓடுகிறது. உங்கள் கிணற்றுக்கு மேல்பக்கம் எது என்று இப்போது தெரியும். விரிசல் பாறை நிலத்தில் தண்ணீர் விரிசல் போகும் வழியில் ஓடும், அங்கே இந்தக் கணக்கை முழுசாக நம்ப முடியாது. பக்கத்தில் பெரிய மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் அது ஓட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

வேகத்தையும் மறக்காதீர்கள். ஒரு நாளைக்கு 10 சென்டிமீட்டர் நகரும் தண்ணீர் 360 மீட்டர் கடக்கப் பத்து வருஷம் ஆகும். இன்று உங்கள் கிணற்றில் இருப்பது அந்த இடத்தில் பத்து வருஷத்துக்கு முன் நடந்தது, ஆகவே இப்போதைய சொந்தக்காரரைக் கேட்பதைவிட அங்கே முன்பு என்ன நடந்தது என்று விசாரிப்பதுதான் வழி.

இனி என்ன செய்வது

பொருளைப் பார்த்துத்தான் ஃபில்டர். கரி ஃபில்டர் பென்சீன், கரைப்பான், பூச்சிக்கொல்லி பலவற்றை ஓரளவு பிடிக்கும், நைட்ரேட்டையும் ஃப்ளோரைடையும் தொடாது. தண்ணீரை மென்மையாக்கும் கருவி கால்சியத்தை எடுக்கும், நைட்ரேட்டை எடுக்காது. ஆர்ஓ பெரும்பாலான அயனிகளைப் பிடிக்கும், ஆனால் ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் ஆர்சனிக் மின்னேற்றமில்லாத வடிவத்தில் இருப்பதால் நிறையத் தப்பிவிடும், முதலில் குளோரின் மாதிரி ஏதாவது கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும், அந்தக் குளோரின் ஆர்ஓ சவ்வைக் கெடுக்காமல் இருக்க நடுவில் கரியும் வேண்டும். ஃப்ளோரைடுக்குச் செயலூட்டிய அலுமினா நன்றாக வேலை செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கி வடிக்கும் நல்கொண்டா முறையும் இருக்கிறது. ஆவியாகும் கரைப்பான் உள்ள தண்ணீரில் வெந்நீர்க் குளியல் வேண்டாம், குடிக்காவிட்டாலும் மூச்சோடு உள்ளே போகும். ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீரைத் தயவுசெய்து மழைநீர்க் குழியிலோ பழைய கிணற்றிலோ விடாதீர்கள், வடிகட்டி எடுத்ததைச் செறிவாக்கி மறுபடி நிலத்துக்கே அனுப்புவது அது.

கிணற்றையும் பாருங்கள். கேசிங் குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவில் சிமென்ட் இட்டு அடைத்திருக்கிறதா, குழாய் வாய் தரைக்கு மேலே நிற்கிறதா, சுற்றி மழைநீர் தேங்குகிறதா. கைவிட்ட போர்வெல் திறந்து கிடந்தால் அது மேல்தரை அழுக்கு நேரே ஆழத்துக்குப் போகும் வழி. களிமண்ணோ சிமென்ட் குழம்போ கொண்டு அடியிலிருந்து முழுக்க அடைக்க வேண்டும், மேலே கல் வைத்து மூடுவது போதாது.

மறு பரிசோதனையை மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் நைட்ரேட் குதித்தால் மேலிருந்து இறங்குகிறது, இரண்டு முறையும் மாறாமல் இருந்தால் ஆழத்தில் நிலைத்துவிட்டது. ஃபில்டர் போட்டிருந்தால் ஃபில்டருக்கு முன் ஒரு பாட்டில், பின் ஒரு பாட்டில், இரண்டையும் ஒரே நாளில் ஒரே லேபில் கொடுங்கள். பின் பாட்டில் எண் வரம்பின் பாதியைத் தாண்டியதும் ஃபில்டரை மாற்றுங்கள்.